கலை இரவு முதல் குப்பம் விழா வரை: நோட்டீஸில் யார் பேர் இருந்தது?

ஜனவரி 18, 2023

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "சமூக அக்கறையோடு வெட்டவெளியில் இசை விழா நடத்துவது தமிழ்நாட்டில் 2015இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில்தானே தொடங்கியது? அதற்கு முன்னால் கோயில் கச்சேரியும் சபாக் கச்சேரியும் கட்சிக் கூட்டத்துப் பாட்டும் தவிர வேறு என்ன இருந்தது?"

இருந்தது. கலை இரவு இருந்தது.

கேட்டவர் மேல் குறை இல்லை. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது கண்ணில் படாமல் போயிருக்கலாம். ஆனால் சாத்தூர், விருதுநகர், புதுக்கோட்டை, திருவண்ணாமலைப் பக்கம் தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாலுமுக்கு ரோட்டை அடைத்து மேடை போடுவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும். சனங்கள் பாய், போர்வை, தூக்குச்சட்டியோடு குடும்பம் குடும்பமாக வந்து உட்காருவார்கள். பாட்டு, தெருநாடகம், ஒயிலாட்டம், பறை, நடுநடுவே ஒரு எழுத்தாளரின் பேச்சு, மறுபடியும் பாட்டு. 1975இல் மதுரையில் தொடங்கிய முற்போக்கு எழுத்தாளர் சங்கம், இன்றைய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் (தமுஎகச), இதை ஊர் ஊராகக் கொண்டு போனது. திருவண்ணாமலைக் கலை இரவைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் மாமா சாத்தூரில் மைக் செட் கடை வைத்திருந்தார். ஏழாம் வகுப்பிலிருந்து வயர் சுருட்டப் போனவன் நான். அதனால் பாடியவர்களை முன்னாலிருந்து பார்த்ததைவிடப் பக்கவாட்டில் நின்று பார்த்ததுதான் அதிகம். கரிசல்குயில் கிருஷ்ணசாமி, திருவுடையான், புதுகை பூபாளம் குழு, பிரளயனின் சென்னைக் கலைக்குழு என்று பேர்கள் வரிசையாக ஞாபகம் வருகின்றன.

ஜனவரி 18, இரவு

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வெட்டவெளியில் காற்றுதான் முதல் எதிரி. மைக்கில் காற்று அடித்தால் பெரிய குழாய் ஸ்பீக்கரில் லாரி போகிற மாதிரி சத்தம் வரும். மாமா கைக்குட்டையை நாலாக மடித்து மைக்கின் தலையில் சுற்றி ரப்பர் பேண்டு போடுவார். பழகிய பாடகர்கள் மேடைக்கு வந்ததும் அந்தக் கைக்குட்டையைத் தொட்டுப் பார்ப்பார்கள், காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று ஒரு கணம் நின்று கவனிப்பார்கள், அப்புறம் அரை அடி தள்ளி நின்று பாடுவார்கள். அரங்கத்தில் மட்டும் பாடிப் பழகியவர்களுக்கு இது கைவராது. மைக்கைக் கடித்துவிடுகிற மாதிரி கிட்டே போவார்கள். குரல் அடைத்துக்கொள்ளும்.

ஜனவரி 20

இன்னொருவர் பறையைப் பற்றிக் கேட்டார். சந்தோஷம், இதைத்தான் எழுத ஆசைப்பட்டேன்.

பறையைத் தீயில் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும். காய்ந்த ஓலையோ வைக்கோலோ பழைய பேப்பரோ போட்டுக் கொளுத்தி, தோல் பக்கத்தைத் தீயின் மேல் வட்டமாகக் காட்டுவார்கள். சூட்டில் தோல் இறுகும், நாதம் மேலே ஏறும். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். போதாது என்றால் மறுபடியும் தீ. பனி இறங்குகிற மாதங்களில் அரை மணி நேரத்தில் தோல் தளர்ந்துவிடும், நாதம் தொப்பென்று விழும். ஆகவே மேடைக்குப் பின்னால் ஒரு தீ எப்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கள் வயர்கள் அந்தப் பக்கம் போகாதபடி பார்த்துக்கொள்வது என் வேலை.

வலது கையில் பருத்த அடிக்குச்சி, இடது கையில் மெலிந்து நீண்ட சிம்புக்குச்சி. இரண்டும் சேர்ந்து வருகிற சத்தத்துக்கு மைக்கே வேண்டாம். மாமா பறைக்கு மைக் வைக்க மாட்டார். மேடையில் இருக்கிற மற்ற மைக்குகளையும் இறக்கிவிடுவார்.

கலை இரவு எப்போதும் பறையில்தான் ஆரம்பிக்கும். மற்ற எவருக்கும் முன்னால் அவர்கள்தான். சாவு வீட்டில் மட்டும் அடிக்க வேண்டும் என்று ஊர் ஒதுக்கி வைத்த கருவியை ஊர் நடுவில், விழாவின் முதல் சத்தமாக வைத்தது எவ்வளவு பெரிய காரியம். எனக்கு அதில் இன்றைக்கும் பெருமைதான்.

ஜனவரி 21

நேற்று "பறை" என்றே எழுதினேன். சரியாகச் சொன்னால், எங்கள் பக்கம் அன்றைக்குத் "தப்பு" என்றுதான் சொல்வோம். நோட்டீஸிலும் "தப்பாட்டம்" என்றே அச்சாகும். "பறை" என்ற சொல்லைத் தலைநிமிர்ந்து சொல்ல வைத்தது தொண்ணூறுகளின் தலித் எழுச்சி. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி வளாகத்தில் நடந்த தலித் கலை விழாக்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பரட்டை என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியராக இருந்தார். வழிபாட்டுக்கே நாட்டுப்புற மெட்டையும் பறையையும் கொண்டுவந்தவர்.

நாட்டுப்புறப் பாடகர் கே.ஏ. குணசேகரனையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2016 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு போய்விட்டார். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை நெஞ்சில் வைத்து கவிஞர் இன்குலாப் எழுதிய பாட்டை மேடை மேடையாகக் கொண்டு போனவர் அவர்தான். அவர் கேசட்டை மாமா கடையில் ஸ்பீக்கர் சோதிக்கப் போடுவோம். குரல் எங்கே பிசிறுகிறது என்று தெரிந்தால் அது ஸ்பீக்கரின் கோளாறு, அவருடையது இல்லை என்பார் மாமா.

ஜனவரி 24

போன வாரம் அத்தை பழைய தகரப்பெட்டியைத் திறந்து நோட்டீஸ்களைப் படம் எடுத்து அனுப்பினார்கள். மாமா எதையும் தூக்கிப் போட மாட்டார். பதினோரு நோட்டீஸ் இருக்கின்றன. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பேச்சாளர்கள் பேர் பெரிய எழுத்தில் இருக்கிறது. பாடகர்கள் பேர் இருக்கிறது. நாடகக் குழுவின் பேர் இருக்கிறது. வரவேற்புக் குழுவில் இருபது பேர் இருக்கிறார்கள். எங்கள் மைக் செட்டின் பேர்கூடக் கடைசி வரியில் "ஒலி, ஒளி" என்று இருக்கிறது.

"தப்பாட்டம்" என்று இருக்கிற இடத்தில் யாருடைய பேரும் இல்லை. பதினொன்றிலும் அப்படித்தான். இரண்டில் மட்டும் ஊர்ப் பேர் போட்டு "குழுவினரின்" என்று இருக்கிறது.

நான்கு நாளைக்கு முன்னால் "மற்ற எவருக்கும் முன்னால் அவர்கள்தான்" என்று நெஞ்சு நிமிர்த்தி எழுதியிருக்கிறேன். எழுதியதை அழிக்கவில்லை. ஆனால் அந்த நோட்டீஸ்களில் வயர் சுருட்டிய எங்களுக்கு இருந்த இடம் அவர்களுக்கு இல்லை.

ஜனவரி 29

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். ஊரூர் ஆல்காட் குப்பம்.

தெரியாதவர்களுக்கு: பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கு வடக்கே, அடையாற்று முகத்துவாரத்துக்குப் போகிற வழியில் இருக்கிற மீனவர் ஊர். பேரில் இருக்கிற ஆல்காட், பக்கத்திலேயே இருக்கிற தியசாபிகல் சொசைட்டியின் கர்னல் ஆல்காட். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காக 1894இல் இலவசப் பள்ளி தொடங்கியவர். குப்பத்துக்கும் பெசன்ட் நகர் வீடுகளுக்கும் நடுவே நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை நடக்காமலே வாழ்ந்து முடிக்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சுற்றுச்சூழல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து 2015இல் விழாவைத் தொடங்கினார்கள். கர்நாடக இசை, பரதம், வில்லுப்பாட்டு, கட்டைக்கூத்து, பறை எல்லாம் ஒரே மேடையில். டிக்கெட் கிடையாது. பின்னால் "சென்னை கலைத் தெரு விழா" என்று பேர் மாறி வேறு இடங்களுக்கும் போனது.

நான் திருவான்மியூரில் குடியிருந்தேன். வேலை வேறு, ஒலிக்கும் எனக்கும் தொழில் தொடர்பு விட்டுப் போய் வருடக்கணக்கு. சும்மா பார்க்கப் போனேன். போனதும் கண் மேடையைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கர்களைத்தான் பார்த்தது. கடற்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து வரும். மிருதங்கத்தின் வலந்தலைக்கும், அதாவது வலது பக்கத் தோலுக்கும், அது ஆகாது, பறைக்கும் ஆகாது. மிருதங்கக்காரர் கல்லை வைத்து வாரில் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்தார். பறைக்காரர்கள் மணலில் குழி தோண்டித் தீ மூட்டினார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே கவலையில் இருந்தார்கள். மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் உண்டு, ஆட்டுத்தோல் உண்டு, வார் எருமைத்தோல். பறையிலும் மாட்டுத்தோல்தான். ஒரு தோல் பூஜை அறைக்குப் போகிறது, இன்னொரு தோல் ஊருக்கு வெளியே நிற்கிறது. இதை மேடையில் யாரும் சொல்லவில்லை. பக்கவாட்டில் நின்றதால் என் கண்ணுக்குப் பட்டது.

கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா உட்கார நாற்காலி தேடினார். கிடைக்கவில்லை. குப்பத்துப் பாட்டி ஒருவர் தன் பாயில் இடம் ஒதுக்கி, "உக்காரும்மா, மண்ணு சூடு தணிஞ்சிடுச்சு" என்றார். ஆலாபனை நீண்டபோது பிள்ளைகள் எழுந்து ஓடின. கூத்து வந்ததும் திரும்பி வந்தன. யாரும் யாரையும் அதட்டவில்லை.

ஜனவரி 30

எதிர்ப்பு வந்திருக்கிறது. "சபாக்காரர்கள் குப்பத்துக்கு இறங்கி வந்து இசை தானம் செய்தார்கள், அதைப் போய்க் கொண்டாடுகிறீர்களே" என்று.

எனக்கும் அந்தச் சந்தேகம் முதலில் இருந்தது. மீனவர்களிடம் பாட்டு இல்லாமலா இருந்தது? ஆனால் அன்றைக்கு இடம் மாறி உட்கார்ந்தவர்கள் பெசன்ட் நகர்க்காரர்கள்தான். விருந்தாளியாக வந்து, அந்த ஊர்ப் பாயில், அந்த ஊர் வழக்கப்படி உட்கார வேண்டியிருந்தது. சபாவில் பறையைக் கூப்பிட்டு ஏற்றியிருந்தால் அது தானம் மாதிரி இருந்திருக்கும். வீட்டுக்காரர் யார், விருந்தாளி யார் என்பது முக்கியம் என்று நினைக்கிறேன்.

கிருஷ்ணா அந்த 2015இலேயே டிசம்பர் சீசனில் இனிப் பாட மாட்டேன் என்று சொன்னார். 2016இல் மகசேசே விருது வந்தது. அவரும் ஜோகப்பாக்களும் சேர்ந்து நடத்திய கச்சேரிகளைப் பற்றி எழுத ஆசை. எல்லம்மா தெய்வத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த திருநங்கைப் பாடகர்கள் அவர்கள். கையில் சௌடிகெ என்கிற ஒற்றை நரம்புக் கருவி. நரம்பை இழுத்துத் தளர்த்தி அடிக்கும்போது அது பேசுகிற மாதிரி இருக்கும். அந்தக் குரலைத் தம்பூராச் சுருதிக்குள் அடக்க முயலாமல், தம்பூராவே கொஞ்சம் ஒதுங்கி நிற்கிற இடங்கள் எனக்குப் பிடித்தவை.

பிப்ரவரி 3

ஏன் இப்போது கலை இரவு விடிய விடிய நடப்பதில்லை என்று கேட்கிறார்கள். ஒலிபெருக்கிச் சட்டம்தான் காரணம். 2005இல் வந்த சட்டப்படி இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பத்து மணிக்கு நிறுத்த வேண்டும் என்றால் அது கலை மாலைதான். ராத்திரிக்கு ஒரு நடை உண்டு. பதினோரு மணிக்குச் சிரிப்பு எடுபடும். ஒரு மணிக்கு நாடகம். மூன்று மணிக்குத் தாலாட்டும் ஒப்பாரியும். அந்த மூன்று மணிக் குரல்களைப் பகலில் கேட்கவே முடியாது. எல்லோரும் களைத்து, தற்காப்பெல்லாம் இறங்கி, பாதி போர்வைக்குள் இருக்கும்போது ஒரு பெண்குரல் ஒப்பாரி எடுத்தால் ரோடே அழும். அந்த நேரத்தைச் சட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது.

பிப்ரவரி 4

திருத்தம். விதிகள் வந்தது 2000இல். 2005இல் வந்தது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதற்கப்புறம்தான் போலீஸ் கறாராகப் பிடித்தது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை தடை. பண்பாட்டு, மத விழாக்களுக்கு வருடத்தில் பதினைந்து நாள் வரை நள்ளிரவு வரைக்கும் அரசு தளர்த்தலாம். சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி.

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அந்த விதி வேண்டும், அதை நான் எதிர்க்கவில்லை. ஒரு பொருள் போனால் போனதுதான் என்று மட்டும் சொல்கிறேன்.

பிப்ரவரி 11

"உங்கள் குறிப்புகளில் பெண்களே இல்லையே" என்று ஒரு தோழி எழுதியிருக்கிறார். ஒப்பாரி பாடிய குரலைச் சொன்னேன், அதற்கு மேல் இல்லை. உண்மைதான்.

பறையைப் பெண்கள் தொடவே கூடாது என்று இருந்த காலத்தில் திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா சக்தி கலைக்குழுவைத் தொடங்கினார். தலித் பெண் பிள்ளைகள் பறையைத் தோளில் மாட்டி, காலில் சலங்கையோடு சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். ஒரு திறந்தவெளி நிகழ்ச்சியில் முதல்முறை பார்த்தபோது என் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "பொம்பளப் பிள்ளைங்க அடிச்சா தோல் கிழிஞ்சிரும்னு சொல்வாங்க" என்று முணுமுணுத்தார். நிகழ்ச்சி முடியும்வரை வாயைத் திறந்துகொண்டே நின்றார். கடைசியில் கை தட்டினார்.

கானாவும் அப்படித்தான். வடசென்னையில் சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடுவது, ஆண்கள் பாடுவது. அதற்குள் இசைவாணி வந்தார். இசையமைப்பாளர் தென்மாவும் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் சேர்த்த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தபோது 19 பேரில் அவர் ஒருவர்தான் பெண். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பேர் வந்தது. அந்தக் குழுவின் பேரே அயோத்திதாசப் பண்டிதரின் சாதி பேதமற்ற தமிழர் என்ற சொல்லில் இருந்து வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், யாரும் எழுதாத விஷயம். ரோட்டில் போட்ட மேடைக்குப் பின்னால் பெண்கள் உடை மாற்ற இடம் இருக்காது. எங்கள் மைக் செட் வேனைக் காலி செய்து, கண்ணாடிக்கு ஜமுக்காளம் கட்டிக் கொடுப்பார் மாமா. ஒப்பாரி பாடிய அக்கா ஒருவர் சாயங்காலம் நாலு மணியிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார். அவர் பாடப் போவது ராத்திரி மூன்று மணிக்கு. ஏன் என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 12

காஸ்ட்லெஸ் கலெக்டிவைப் பற்றி இன்னும் ஒரு வரி. பறை அடித்தவரும் கிடார் வாசித்தவரும் ராப் பாடியவரும் ஒரே மாதிரி உடுப்பு, ஒரே வரிசை. அந்த ராப் பாடகர் அறிவு என்று சொன்னால் இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குழுவில் ஒவ்வொருவருக்கும் பேர் இருந்தது. ஜனவரி 24இல் எழுதிய குறிப்புக்கு எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் இதுதான். 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய "மார்கழியில் மக்களிசை" விழாவிலும் இதைப் பார்த்தேன்: பறை, கானா, ஒப்பாரி என்று கலைக்கு மட்டும் பேர் சொல்லாமல், ஆளின் பேரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள்.

பிப்ரவரி 13

காசு. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

ஒரு ஊரில், ஒரு அமைப்பு நடத்திய விழா. அமைப்பின் பேர் வேண்டாம், அங்கே நல்லவர்களும் இருந்தார்கள். விடிந்ததும் கணக்குப் பார்த்தார்கள். பேச வந்தவருக்குக் கவரும் பஸ் செலவும். பாடியவருக்குக் கவர். எங்களுக்குப் பேசிய தொகையில் பாதி, மீதி அடுத்த வாரம் என்றார்கள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. பறை அடித்த நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு துண்டும், சாப்பாட்டுப் பொட்டலமும், வண்டிக்குக் கொஞ்சம் சில்லறையும். "இது நம்ம விழாதானே, கொள்கைக்காகத்தானே" என்றார்கள். அந்த நாலு பேரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அன்றைய வேலையும் போயிற்று, மறுநாள் வேலையும் போயிற்று. கொள்கைக்காக இரண்டு நாள் கூலியை விட்டது அந்த ரோட்டில் அவர்கள் மட்டும்தான்.

மாமா வேனில் ஏறும் முன் தன் பாதிப் பணத்திலிருந்து கொஞ்சம் எடுத்து அவர்களில் மூத்தவர் கையில் வைத்தார். அவர் வாங்க மறுத்தார். அப்புறம் வாங்கினார்.

பிப்ரவரி 19

"இந்தப் பாட்டுகளால் எதாவது மாறியதா?" என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது.

பயப்பட வேண்டியவர்கள் பயந்தார்கள், அது தெரியும். மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவனை 2015 அக்டோபர் கடைசியில் திருச்சியில் வீடு தேடி வந்து கைது செய்தார்கள். மதுக்கடையை மூடச் சொல்லிப் பாடியதற்குத் தேசத்துரோக வழக்கு. அதே கழகம்தான் தொண்ணூறுகளில் தஞ்சாவூரில் தமிழ் மக்கள் இசை விழாவைத் திறந்த மைதானத்தில் நடத்தியது. முதல் குறிப்பிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கொடைக்கானலை எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரசத்தில் உடம்பு கெட்ட தொழிலாளர்கள் பதினைந்து வருடம் போராடினார்கள். 2015இல் சோஃபியா அஷ்ரஃப் ராப் பாடினார், உலகமே பார்த்தது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி ஒப்பந்தம் போட்டது. பாட்டு ஜெயித்தது என்று நான் எழுத மாட்டேன். பதினைந்து வருடம் விடாமல் நின்றவர்கள் ஜெயித்தார்கள், கடைசிச் சுற்றில் பாட்டு தோள் கொடுத்தது.

2017இல் எண்ணூர்க் கழிமுகத்துக்காகக் கபேர் வாசுகி எழுதி கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாட்டு வேறு மாதிரி. அது வசவாக இருந்த ஒரு சொல்லைக் கழுவி எடுத்துக் கொடுத்தது. புறம்போக்கு என்றால் எல்லோருக்குமான நிலம். எங்கள் தெருவில் அந்தச் சொல்லை எத்தனை முறை எத்தனை பேர் மேல் எறிந்திருக்கிறோம்!

மார்ச் 5

அத்தையைப் பார்க்கச் சாத்தூர் போயிருந்தேன். தகரப்பெட்டியை முழுக்கக் கொட்டிப் பார்த்ததில் கேசட்கள் கிடைத்தன. மாமா மிக்ஸரிலிருந்து நேராகப் பதிவு செய்து வைத்தவை. ஒன்றில் ஊர்ப் பேரும் வருடமும் மட்டும் மாமா கையெழுத்தில் இருந்தது.

ஜனவரி 24இல் எழுதியது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பேர் இல்லாத அந்தப் பறைக்குழுவின் மூத்தவர் இன்னும் இருக்கிறார் என்று அத்தைக்குத் தெரிந்திருந்தது. பஸ் ஏறிப் போனேன். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கண் சரியாகத் தெரியவில்லை, மாமா பேரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். உங்கள் நாலு பேர் பேரையும் எழுதப் போகிறேன் ஐயா, அன்றைக்குப் போடாததை இன்றைக்காவது போட வேண்டும் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "வேண்டாம் தம்பி," என்றார். "பேரன் கோயமுத்தூர்ல வேலைக்கு இருக்கான். அங்க நாங்க யாருன்னு யாருக்கும் தெரியாது. பேத்திக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். நீ நல்லதுக்குத்தான் எழுதுவ. படிக்கிறவன் எல்லாம் நல்லவனா?"

என்னிடம் பதில் இல்லை. பேர் போடாததை அவமதிப்பு என்று மட்டும்தான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பேர் போட்டால் யார் தலையில் விடியும் என்று யோசித்ததே இல்லை.

கலை இரவைப் பற்றிக் கேட்டேன். பந்தியில் எல்லோரோடும் சேர்த்து உட்கார வைத்துச் சோறு போட்டதை முதலில் சொன்னார். சொந்த ஊரில் அது நடக்காத காலம். அப்புறம், "ஒண்ணு மட்டும் மனசுல இருக்கு" என்றார். "எப்பவும் எங்களத்தான் முதல்ல அடிக்கச் சொல்வாங்க. கூட்டம் சேந்ததும் எறக்கி விட்டுருவாங்க. பள்ளிக்கூடத்துல மணி அடிக்கிற மாதிரி. நாங்க நிறுத்தி நிதானமா அடிச்சு, சனம் உக்காந்து கேட்டுச்சுன்னு ஒரு ராத்திரி இல்ல."

ஜனவரி 20இல் நான் பெருமைப்பட்டது இதற்குத்தான்.

மார்ச் 6

கேசட்டைப் பற்றி நேற்று முடிக்கவில்லை.

அத்தை வீட்டு டேப் ரெக்கார்டரைக் கையோடு கொண்டு போயிருந்தேன். அவர் முன்னால் வைத்துப் போட்டேன். ஆரம்பத்தில் இரைச்சல்தான். அப்புறம் படபடவென்று ஒரு சத்தம். நாடா கெட்டுவிட்டது என்று நிறுத்தப் போனேன். அவர் கையைத் தூக்கினார். "ஓலை எரியுது," என்றார். மேடை மைக் ஏதோ ஒன்று திறந்தே இருந்திருக்கிறது. பின்னால் பறை காய்ச்சுகிற தீ பதிவாகியிருக்கிறது.

அடி ஆரம்பித்ததும் அவர் விரல் தொடையில் சேர்ந்துகொண்டது. நாலு பறையும் எனக்கு ஒரே சத்தம்தான். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார். இது நான். இது என் தம்பி, செத்துப் பன்னெண்டு வருசமாச்சு. இந்தச் சிம்புக்குச்சி யாருடையது, அந்த ஆள் அப்புறம் எந்த ஊருக்குப் போனார் என்று. நாலாவது பறை வந்த இடத்தில் முகம் சுளித்தார். "இவன் பறை காயல. இன்னும் ரெண்டு தடவை தீயில காட்டியிருக்கணும். நேரமாச்சு ஏறு ஏறுன்னு மேடைல விரட்டிட்டாங்க."

பதிவு ஏழு நிமிடம். அப்புறம் யாரோ "மிக்க நன்றி, அடுத்ததாக" என்கிறார்.

அவரிடம் கேட்டுக்கொண்டு, நாலு பேர் பேரையும் கேசட் உறையின் உள்தாளில், மாமா எழுதிய ஊர்ப் பேருக்குக் கீழே எழுதி வைத்தேன். கேசட்டை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.